பாண்டிருப்பும் கடற்கரைப் பள்ளியும்: கீழ்க்கரை யாத்திரைத் தலங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தின் கீழ்க்கரையிலே மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் வயலும் சூழ்ந்த ஒடுங்கிய மணற்பரப்பின் மீது அமைந்ததாகும். இத்தெருவழியே செல்வோர் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கக் காண்பர். இவற்றுட் சில இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்கள். சில முஸ்லிம்களின் ஊர்கள். பேசும் மொழி ஒன்றே. பல இடங்களில் ஊருக்கும் ஊருக்கும் இடையிலுள்ள எல்லை ஓர் ஒழுங்கையே அன்றி வேறில்லை.

இவ்வூர்களுள் பாண்டிருப்பு, திரௌபதை அம்மன் ஆலயத்தாற் புகழ் பெற்றது. புரட்டாதி, ஐப்பசித் திங்களையொட்டி நிகழும் பதினெட்டு நாள் விழாவின்போது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பல பாகங்களிலிருந்தும் அடியார் திரள்வர். அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவில், கல்முனைக்குடிக் கடற்கரையிலே, நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் அமைந்த கடற்கரைப் பள்ளி உண்டு. அங்கு நிகழும் கொடியேற்ற விழாவுக்கும் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து மக்கள் வருவர்.

சிற்றூர் ஒன்று எவ்வாறு யாத்திரைத் தலமாகின்றது? அத்தலத்தின் தோற்றம் பற்றி மக்கள் கூறும் கதையை வரலாற்று மாணவன் எவ்வாறு நோக்குதல் வேண்டும்? இவ்விரு வினாக்களும் இக்கரையைப் பொறுத்தவரையில் வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. யார் முன் வந்தார், எந்த நிலம் யாருக்குரியது என்னும் வழக்குகள் வலுத்து வந்த கடந்த நாற்பது ஆண்டுகளில், ஊர்க்கதைகளும் கோயிற்கதைகளும் அவ்வழக்குகளிற் சான்றாக முன்வைக்கப்பட்டு வந்துள்ளன. ஆதலின் அவற்றின் இயல்பை அறிந்து கொள்ளுதல் இன்றியமையாததாகின்றது.

தாதன் கதை

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் தோற்றத்தைத் தாதன் என்னும் ஒருவனோடு தொடர்புபடுத்துவது ஊர் வழக்கு. வைணவ அடியானாகிய அவன் தமிழகத்திலிருந்து தன் கூட்டத்தாருடன் பாண்டவர், திரௌபதை, கண்ணன் ஆகியோரின் திருவுருவங்களைத் தாங்கிக் கீழ்க்கரைக்கு வந்தான் என்றும், அப்போது மட்டக்களப்பை ஆண்ட எதிர்மன்னசிங்கன் என்னும் அரசனின் ஆதரவுடன் இவ்விடத்திற் கோயில் அமைத்தான் என்றும் அக்கதை கூறும். பாண்டவர் இருந்த இடம் ஆதலாற் ‘பாண்டவர் இருப்பு’ என வழங்கி, அதுவே ‘பாண்டிருப்பு’ ஆயிற்று என்பது ஊர்ப்பெயருக்கு மக்கள் தரும் விளக்கம்.

இக்கதையில் மூன்று கூறுகள் ஈண்டு நோக்கத்தக்கன. முதலாவது, தெய்வம் கடல் கடந்து வந்தது என்பது. இரண்டாவது, மன்னன் ஒருவன் அதனை ஏற்றுக் கொண்டான் என்பது. மூன்றாவது, ஊரின் பெயரே தெய்வத்தால் வந்தது என்பது.

தாதன் என்பது ஒருவனின் இயற்பெயராதல் வேண்டும் என்ற நியதியில்லை. தாசன் என்பதன் திரிபாகிய அச்சொல், தமிழகத்திலே திருமால் அடியாராய் ஊர் ஊராகச் சென்று இரந்துண்ட கூட்டத்தாரைச் சுட்டிய பொதுப் பெயர். எனவே கதையிலுள்ள தாதன் தனிமனிதனாக இருந்தானோ இல்லையோ, ஒரு கூட்டத்தின் வருகையை அப்பெயர் நினைவிற் கொண்டுள்ளது எனலாம். சிவ வழிபாடும் கண்ணகி வழிபாடும் ஆழ வேரூன்றிய மட்டக்களப்புப் பகுதியில், பாரதக்கதையையும் கண்ணனையும் நடுவாகக் கொண்ட ஒரு விழா தனித்து நிற்பதற்கு இதுவே பொருத்தமான விளக்கமாகும். கண்ணகி அம்மன் கோயில்கள் இப்பகுதியில் ஊர்தோறும் உள்ளன. திரௌபதை அம்மன் கோயில்களோ பாண்டிருப்பு, பழுகாமம் போன்ற சில ஊர்களிலேயே காணப்படுகின்றன. மேற்குக் கரையில் உடப்பிலும் இவ்வழிபாடு சிறப்புற்றுள்ளது.

மன்னன் பற்றிய கூறு இன்னொரு வகையில் முக்கியமானது. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கியபோது, கண்டியரசனின் மேலாட்சியை ஏற்ற சிற்றரசன் ஒருவன் அங்கு ஆண்டு வந்தான். 1628இற் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். தாதன் கதை இந்நிகழ்ச்சிகளுக்கு முந்திய ஓர் அரசனின் பெயரைப் பற்றிக் கொள்கின்றது. கோயிலின் உரிமை ஐரோப்பியர் எவரும் வழங்கியதன்று, நாட்டரசன் வழங்கியது என்பதே அதன் உட்பொருள். இத்தகைய கதைகளை ஆண்டுக் கணக்குத் தரும் சாசனங்களாகக் கொள்ளாது, உரிமையை நிலைநாட்டும் கூற்றுகளாகக் கொள்ளுதலே பொருந்தும். மட்டக்களப்பு மான்மியம் போன்ற ஏடுகளை வாசிப்பவர்க்கும் இவ்வெச்சரிக்கை பயன்படும். எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் அந்நூலைப் பதிப்பித்ததும், வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலை வெளியிட்டதும் இப்பகுதியின் ஊர் வழக்குகள் ஆய்வாளர் கைக்கு எட்டுவதற்குப் பெரிதும் வழிசெய்தன.

பாரதம் விழாவான வரலாறு

பாரதக்கதையைக் கோயில் மண்டபத்திற் படிக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, மண்டபமொன்றிற் பாரதம் வாசிப்பதற்கு ஏற்பாடு செய்யப்பட்டதைக் குறிக்கின்றது. வடமொழிப் பாரதத்தில் இல்லாத அரவான் களப்பலி பெருந்தேவனாரின் பாரதவெண்பாவில் இடம்பெற்றுப் பின்னர் வில்லிபாரதத்திலும் தொடர்கின்றது. கதை படிக்கப்பட்டது, பின் ஆடப்பட்டது, பின் திரௌபதை தெய்வமாகத் தனிக்கோயில் கொண்டாள்.

இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த அல்ஃப் ஹில்டெபைட்டல் என்பார், செஞ்சிப் பகுதியே இதன் நடுவிடம் என்று நிறுவினார். 1988இலும் 1991இலும் வெளிவந்த அவருடைய இரு தொகுதிகளிற் காணப்படும் ஒரு செய்தி கீழ்க்கரை வாசகர்க்குச் சிறப்பாகச் சிந்திக்கத்தக்கது. செஞ்சிப் பகுதித் திரௌபதை கோயில்களில் அம்மனின் காவல் தெய்வமாக முத்தால் ராவுத்தன் என்னும் முஸ்லிம் குதிரை வீரன் வைத்து வணங்கப்படுகின்றான் என்பதே அச்செய்தி. செஞ்சிக் கோட்டையை நாயக்கரும் பீசப்பூர்ச் சுல்தானின் படையினரும் மராத்தியரும் மொகலாயரும் அடுத்தடுத்து ஆண்ட காலத்திலே, தம் நிலத்தில் வாழத் தொடங்கிய புதியவரை மக்கள் தம் தெய்வத்தின் வாசலிலே காவலனாக நிறுத்தினர். அயலவனை விலக்காது அவனுக்கோர் இடம் வகுத்துக் கொடுத்தல் இவ்வழிபாட்டின் பழைய இயல்புகளுள் ஒன்று என இதனால் அறியலாம்.

கீழ்க்கரையில் இக்கதைகளை ஏந்தி வளர்த்தது கூத்து. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்துகளிற் பெரும்பாலன பாரத, இராமாயணப் போர்க்கதைகளே. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது பல்கலைக்கழகத்தாருக்கு அது புதுமையாகத் தோன்றியிருத்தல் கூடும். கீழ்க்கரைச் சிற்றூர்களில் அது வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்டு வந்த பழஞ்செல்வமே.

பதினெட்டு நாள்

குருச்சேத்திரப் போர் பதினெட்டு நாள் நிகழ்ந்தது. பாரதத்தின் பருவங்களும் பதினெட்டு. பாண்டிருப்பு விழாவும் பதினெட்டு நாளே. விழா கொடியேற்றத்தோடு தொடங்கும். பின்னர் நாள்தோறும் பாரதக்கதை படிக்கப்படுவதும், அக்கதையின் முக்கிய நிகழ்ச்சிகள் சடங்குகளாக நிகழ்த்தப்படுவதும் இணைந்தே செல்லும். பாண்டவரும் திரௌபதையும் கண்ணனுமாக விரதம் பூண்டவர்கள் விழாக்காலத்தில் அப்பாத்திரங்களாகவே மதிக்கப்படுவர்.

இறுதி நாட்களில் விழா உச்சநிலையை அடைகின்றது. நாடிழந்த பாண்டவர் காடேகும் வனவாசத்தின்போது, அடியார் சூழ அவர்கள் ஊர்த்தெருக்களில் ஊர்வலமாகச் செல்வர். கதையிற் பாண்டவர் கடந்த காடு இங்கே பாண்டிருப்பின் வீதிகளாகின்றது. அடுத்து அருச்சுனன் பாசுபதம் வேண்டித் தவஞ்செய்யும் தவநிலை நிகழும். பதினெட்டாம் நாள் தீப்பள்ளயம் எனப்படும் தீமிதிப்பு. குழியிலே பெருங்கட்டைகள் எரிந்து தணலானபின் விரதகாரர் ஒருவர்பின் ஒருவராக அதனைக் கடப்பர். தணல் ஆறியபின் பாற்பள்ளயத்தோடு விழா நிறைவுறும்.

இவ்வொழுங்கின் பொருள் என்ன? அவையில் அவமதிக்கப்பட்ட ஒருத்தியின் துயரத்தோடு தொடங்கும் கதை, காடு, தவம், பலி, போர் எனச் சென்று தீயிலே தூய்மை பெற்றுப் பாலிலே குளிர்கின்றது. தீக்குப் பின் பால் வேண்டும் என்பதனை இச்சடங்கை வகுத்தோர் மறந்தாரல்லர். போரின் வெற்றியோடு விழாவை அவர்கள் முடிக்கவில்லை. வெம்மை தணிந்த பின்னரே கொடி இறங்குகின்றது. நோய் தீர்ந்தமைக்கும் மகவு பெற்றமைக்கும் நேர்த்தி செலுத்த வரும் அடியார், பாரதத்தின் பெரும்போரிலே தம் சிறு துயர்களையும் இணைத்துக் கொள்கின்றனர். ஊர்க்கோயில் ஒன்று யாத்திரைத் தலமாவது இந்த இணைப்பினாலேயே.

கடற்கரைப் பள்ளி

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் விழாவை இதனோடு ஒப்புநோக்குதல் பயன் தரும். நாகூரில் அடங்கியுள்ள ஷாகுல் ஹமீது ஆண்டகை பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இறைநேசர். அவருடைய தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டுவித்தவன் தஞ்சை மராத்திய மன்னன் பிரதாபசிங்கன் (1739–1763) என்பது தமிழக வரலாற்றில் நன்கறியப்பட்டது. கடலோடிகளும் வணிகரும் சென்ற இடமெல்லாம் நாகூரின் நினைவைத் தம்முடன் கொண்டு சென்றனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா என்னும் பெயரிலேயே நினைவுத் தலங்கள் எழுந்தன. சிங்கப்பூரிலுள்ளது 1828க்கும் 1830க்கும் இடையிற் கட்டப்பட்டது. கல்முனைக்குடியிலுள்ளதும் அத்தகைய நினைவுத் தலமே. ஆண்டகையின் உடல் அங்கில்லை. அவர் பெயரும் நினைவும் உள்ளன. கொடியேற்ற மரபு இருநூறு ஆண்டு பழமையுடையதென அவ்வூரார் எண்ணி வருகின்றனர். கொடிகள் ஊர்வலமாகக் கொண்டு வரப்பட்டு மினாராவில் ஏற்றப்படும். மௌலூது ஓதப்படும். நிறைவில் கந்தூரிச் சோறு யாவர்க்கும் பகிரப்படும்.

கடல் கடந்து தமிழகத்திலிருந்து வந்த அருள், கொடி, நாட்கணக்கு, நேர்த்தி, இறுதியிற் பகிரப்படும் உணவு என இரு விழாக்களின் வடிவமும் ஒத்துள்ளமை வெளிப்படை. கொள்கையளவில் இரண்டும் வேறு. ஒன்றையொன்று பார்த்துச் செய்தன என்று கூறுதலும் தேவையில்லை. இரண்டையும் நடத்தியவர்கள் ஒரே சமூக அமைப்பில் வாழ்ந்தவர்கள் என்பதே காரணம். தாய்வழியாகத் தொடரும் குடி என்னும் அமைப்பு இக்கரையில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. கோயிலிற் குடிகளின் சார்பில் வண்ணக்கரும் பள்ளியிற் குடிகளின் சார்பில் மரைக்காயரும் பொறுப்பேற்பது வழக்கம். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு பல்லாண்டு ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இப்பொதுமையை விரிவாக விளக்கியுள்ளார்.

முஸ்லிம்களின் குடியேற்றம் பற்றிய வரலாறும் கதையுமாகக் கலந்த மரபுகள் இதற்குத் துணை செய்வன. 1626இற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறக்குறைய 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். முக்குவருக்கும் திமிலருக்கும் நிகழ்ந்த போரில் முக்குவருக்குத் துணைநின்ற பட்டாணியர் அவர்கள் குலத்துப் பெண்களை மணந்து இக்கரையிலே தங்கினர் என்பது இரு சமூகத்தாரும் சொல்லி வந்த பழங்கதை. தாதனும் வந்தவன்; பட்டாணியரும் வந்தவர். இக்கரையின் பழங்கதைகள் எவையாயினும், வந்தவரை இருத்திய கதைகளாகவே அமைந்துள்ளன.

மாரியாபோச் தரும் பாடம்

இவ்வியல்பு கீழ்க்கரைக்கு மட்டும் உரியதன்று. ஹங்கேரி நாட்டின் வடகிழக்குப் பகுதியிற் போச் என்றொரு சிற்றூர் இருந்தது. 1696ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வூர்க் கிரேக்கக் கத்தோலிக்கத் தேவாலயத்திலிருந்த மரியன்னையின் திருவோவியம் கண்ணீர் வடித்ததாகச் செய்தி பரவியது. மறுவருடமே பேரரசன் முதலாம் லியோபோல்ட் அவ்வோவியத்தை வியன்னாவுக்கு எடுத்துச் செல்வித்தான். 1697 செப்ரெம்பரிற் சென்ரா என்னுமிடத்தில் துருக்கியர் தோல்வியுற்றபோது, அவ்வெற்றி இவ்வோவியத்தின் அருளால் விளைந்தது எனத் தலைநகரிற் போற்றப்பட்டது. இன்றும் மூலவோவியம் வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்திலேயே உள்ளது.

ஊருக்கு எஞ்சியது ஒரு பிரதி. ஆயினும் யாத்திரிகர் ஊரை விட்டு நீங்கவில்லை. 1715இலும் 1905இலும் அப்பிரதியே கண்ணீர் வடித்ததாக மக்கள் நம்பினர். ஊரின் பெயர் மாரியாபோச் ஆயிற்று. பொதுவுடைமை ஆட்சியின் நெருக்கடிகளையும் கடந்து அவ்வழிபாடு நிலைத்தது. 1991இற் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அச்சிற்றூருக்கு வருகை தந்தார்.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. தலத்தின் பெருமை மூலப்பொருளில் மட்டும் தங்கியிருப்பதில்லை என்பது ஒன்று. உடல் இல்லாத கடற்கரைப் பள்ளியும், செஞ்சிக்கு வெகு தொலைவிலுள்ள பாண்டிருப்பும், ஓவியம் இழந்த மாரியாபோச்சும் ஒரு நிலையினவே. மக்கள் ஆண்டுதோறும் அங்குச் செல்லுதலே தலத்தைத் தலமாக்குகின்றது. போச் மாரியாபோச் ஆனதுபோலவே, பாண்டிருப்பு என்னும் பெயரும் ‘பாண்டவர் இருப்பு’ என்று பொருள் பெற்றமை, கோயில் ஊரை எவ்வளவு ஆழமாக ஆட்கொண்டது என்பதற்குச் சான்றாகும். அரசும் போரும் தலத்தைத் தமக்குரிய சின்னமாக்கிக் கொள்ள எக்காலமும் முயலும் என்பது மற்றது. போச்சின் உழவர் நோய்க்கும் வறுமைக்கும் ஆறுதல் தேடி நின்ற அதே முகத்தை, வியன்னா தன் பகைவருக்கெதிரான வெற்றிச் சின்னமாகக் கண்டது.

அண்மைக் காலம்

கீழ்க்கரையில் இவ்விரண்டாம் உண்மை கசப்பாக மெய்ப்பட்டது. 1985 ஏப்பிரலிற் காரைதீவிலே தொடங்கிய மோதல் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே இருந்த ஒழுங்கைகளை எல்லைக் கோடுகளாக்கிற்று. 1990 யூன் மாதத்திற்குப் பின்னர் கல்முனை, பாண்டிருப்புப் பகுதித் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். பலர் காணாமற் போயினர். அவ்வாண்டு ஓகஸ்ற் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பகிர்ந்துண்ட உணவின் நினைவை இவ்விழப்புகள் மறைத்துவிட்டன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை வேறுபாடின்றித் தாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்முனைக்குடியும் பாண்டிருப்பும் மருதமுனையும் ஒருங்கே அழிந்தன. முதல் மணித்தியாலங்களில் மீட்க வந்தோர் எவர் எச்சமயத்தவர் என்று கேட்கும் நிலை இருக்கவில்லை. ஆயினும் அவ்வொருமை நெடுநாள் நீடிக்கவில்லை. கல்முனையின் நிர்வாகப் பிரிவை வகுப்பது பற்றிய வழக்கு 2019 யூனில் உண்ணாவிரதப் போராட்டமாக வெளிப்பட்டது.

சமயங்களுக்குள்ளேயும் மாற்றங்கள் நிகழ்ந்தன. தர்கா வழிபாடு மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்னும் சீர்திருத்தக் குரல் முஸ்லிம்களிடையே வலுத்தது. இந்துக்களிடையே ஊர்வழக்குச் சடங்குகளை ஆகம முறைக்கு மாற்றும் போக்கு மேலோங்கியது. இவ்விரு போக்குகளுக்கும் அவற்றுக்குரிய நியாயங்கள் உண்டு. நம்புவோரே அவற்றைத் தீர்மானித்தற்குரியவர். எனினும், இரு சமூகங்களும் தத்தம் பொது மையங்களை நோக்கித் திரும்புந்தோறும், அயலூராரோடு பொதுவாயிருந்த கீழ்க்கரைக்கே உரிய கூறுகள் தேய்கின்றன என்பதனை வரலாற்று மாணவன் பதிவு செய்தல் வேண்டும்.

முடிவு

பாண்டிருப்பின் கதையும் கடற்கரைப் பள்ளியின் கதையும் காணி உறுதிகள் அல்ல. ‘நாங்களே முன் வந்தோம்’ என்று நிறுவ அவற்றைப் பயன்படுத்துவோர், அக்கதைகள் வெளிப்படையாகக் கூறும் செய்தியையே மறுக்கின்றனர். ஏனெனில் இரு கதைகளும் வந்தவரின் கதைகளே. கடலுக்கப்பால் இருந்து வந்த தெய்வத்துக்கும் இறைநேசருக்கும் இக்கரை மக்கள் இடமளித்தனர் என்பதே அவற்றின் சாரம்.

இவ்வூர்களின் விழாக்களை முறையாகப் பதிவு செய்தல் பல்கலைக்கழகங்களுக்குரிய கடமையாகும். கோயிலில் வாசிக்கப்படும் பாரத ஏடுகள், கூத்துக் கொப்பிகள், பள்ளியில் ஓதப்படும் மௌலூதுகள், குடிகளின் உரிமை ஒழுங்குகள் ஆகியவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அப்பணியைத் தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் கூடிச் செய்வதே சிறப்பு. பாண்டிருப்பின் ஏட்டை மருதமுனை மாணவனும், கல்முனைக்குடியின் மௌலூதைப் பாண்டிருப்பு மாணவனும் வாசிக்கும் நாளில், தீப்பள்ளயத்தின் பின் பாற்பள்ளயம் வைத்த முன்னோரின் கருத்து இக்கரையில் மீண்டும் விளங்கும்.